விலை ஏறினால் வேகமும் ஏறுமா?

கணினியின் மூளையாகிய முறைவழியாக்கியில் உயர்தரமானதையே பிள்ளைக்கு வாங்கவேண்டுமெனக் கடன்படவும் துணியும் பெற்றோர் உளர். நாம் ஓர் இணையை எடுத்து நோக்குவோம். ஏ.எம்.டி. நிறுவனம் 2020இல் ரைசன் 7 5800எக்ஸை 449 டொலருக்கு வெளியிட்டது. 2022இல் 5700எக்ஸை 299 டொலருக்குத் தந்தது. (முன்னதன் விலையும் பின்னர் இறங்கிற்று.) இரண்டிலும் கருக்கள் எட்டே, பதுக்கு நினைவகம் 32 மெகாபைற்றே. உச்ச வேகம் முன்னதற்கு 4.7 கிகாஹேர்ட்ஸ், பின்னதற்கு 4.6. இவ்வளவுதானா என்று வியக்கவேண்டாம். வெப்பத்திற்கென வகுத்த அளவில் வேற்றுமை பெரிது: 105 வாற்று, 65 வாற்று! சூடு மிகுந்தால் அதனைத் தணிக்கும் விசிறிக்கும் மேலும் செலவிடல் வேண்டும். நாள்முழுதும் திரைப்படம் தொகுப்போர்க்கு அச்சிறு வேகம் உதவக்கூடும். பாடம் படிக்கும் மாணாக்கர்க்கோ, மிஞ்சும் பணத்தில் நினைவகத்தை 8 கிகாபைற்றிலிருந்து 16 ஆக்கிக்கொடுப்பதே நலம் என்போம்.