கரிக்கு அடியில் இருக்கும் தண்ணீர்

வேதபகுதி: யோபு 28:1-12, எசேக்கியேல் 34:18



சுரங்கத் தொழிலைப் பற்றி வேதாகமம் விரிவாகப் பேசும் இடம் யோபு 28-ஆம் அதிகாரம். மனிதன் பூமியின் இருளுக்குள் இறங்குகிறான்; மலைகளின் அடிவாரத்தையே புரட்டுகிறான்; பாறையில் வாய்க்கால் வெட்டுகிறான்; ஓடும் ஆற்றையும் தடுத்து நிறுத்துகிறான். அவனுடைய திறமையை யோபு இகழவில்லை, வியக்கவே செய்கிறார். ஆனால் அவ்வளவையும் தோண்டி எடுத்தவனுக்கு ஞானம் எங்கே கிடைக்கும் என்றும் கேட்கிறார்.

அந்தக் கேள்வி நமக்குத் தெற்கே, கடலூர் மாவட்டத்து நெய்வேலியில் இன்றும் விடைக்குக் காத்திருக்கிறது. 1956-இல் அங்கே நிலக்கரி நிறுவனம் உருவானது. 1961-இல் பழுப்பு நிலக்கரிப் படுகை வெளிப்பட்டது. அந்தப் படுகைக்குக் கீழே நிலத்தடி நீர் மிகுந்த அழுத்தத்தோடு அடைபட்டிருக்கிறது. அதை இறைத்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால், நீர் சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு மேலே வந்துவிடும். ஆகையால் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே பம்புகள் இரவும் பகலும் இறைக்கின்றன. துளையிட்டால் தானாகவே பொங்கி வழிந்த ஆர்ட்டீசியன் ஊற்றுகளைக் கொண்டிருந்த பூமி அது. இன்று சுற்றுவட்டார விவசாயி நீரைத் தேடி மேலும் மேலும் ஆழத்துக்குச் செல்ல வேண்டியவனாயிருக்கிறான்.

இறைக்கப்படும் நீர் முழுவதும் வீணாகிறது என்று சொல்வது நியாயமன்று. அனல்மின் நிலையங்களுக்கும், சென்னையின் குடிநீருக்கும், வாலாஜா ஏரி, பெருமாள் ஏரி வழியாகப் பாசனத்துக்கும் அதில் பங்கு செல்கிறது. ஆயினும் தன் கிணற்று நீரைக் கொண்டு பயிரிட்டவன், பிறர் திறந்துவிடும் நீருக்குக் காத்திருப்பவனாக மாறியிருக்கிறான். இது சிறிய மாற்றமன்று.

2023 ஜூலை மாதத்தில் வளையமாதேவியில் நடந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். இரண்டாவது சுரங்கத்தின் விரிவாக்கத்துக்காகப் பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்ட, விளைந்து நின்ற நெற்பயிரின்மேல் மண்வாரி இயந்திரங்கள் இறங்கின. நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டது என்றும், மழைவெள்ளம் சுரங்கத்துக்குள் புகாதிருக்கக் கால்வாய் அவசியம் என்றும் நிறுவனம் கூறியது. அறுவடை முடியும்வரை இரண்டு மாதம் பொறுத்திருக்கக் கூடாதா என்று சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி கேட்டார். சட்டப்படியான உரிமை இருந்தும் பொறுமை இல்லாமற்போனதையே அந்தக் கேள்வி சுட்டியது.

நல்ல சட்டம் வந்தால் போதும் என்பார் உண்டு. அமெரிக்காவில் திறந்தவெளிச் சுரங்கங்களுக்கென்று 1977-இல் சட்டம் இயற்றப்பட்டது. தோண்டிய நிலத்தைச் சீர்படுத்துவது கடமையாக்கப்பட்டது. மலைச் சிகரங்களை வெட்டிய மண் பள்ளத்தாக்குகளின் ஓடைகளை மூடியதால், ஓடைகளைக் காக்கும் புதிய விதி 2016 டிசம்பரில் வெளியானது. 2017 பிப்ரவரியில் அது நீக்கப்பட்டது. சட்டம் வேண்டும், ஆனால் அதைத் தாங்கிநிற்கும் மனச்சாட்சி மக்களிடத்தில் இல்லையென்றால், எழுதிய கையே அதை அழித்துவிடும்.

"இது அரசியல், சபைக்கு இதில் என்ன?" என்று நீங்கள் கேட்கலாம். எசேக்கியேல் 34:18-ஐ வாசியுங்கள். தெளிந்த நீரைத் தான் குடித்துவிட்டு, மீதியைக் காலால் கலக்கி மற்ற ஆடுகளுக்கு விடுகிற ஆட்டைத் தேவன் கண்டிக்கிறார். குடித்ததை அவர் குற்றமென்னவில்லை. தனக்குப் பின் வருகிறவனுடைய தாகத்தை நினையாததே குற்றம்.

மரக்காணத்தில் வாழும் நமக்கு இது எளிதில் விளங்கும். உப்பளத்துப் பாத்தியில் உவர்நீர் ஆசீர்வாதம். வீட்டுக் கிணற்றில் அதுவே சாபம். கடலோரத்தில் நன்னீர் உவர்நீரின்மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உப்பு ஏறிவரும். ஏறிய உப்பு எளிதில் இறங்காது. நெய்வேலிக்கு அடியிலுள்ள மணற்கல் அடுக்கும் கடலை நோக்கியே நீள்கிறது. நிலத்தடி நீருக்கு மாவட்ட எல்லை கிடையாது.

நம் ஆலயத்தின் விளக்குகளும் மின்சாரத்தால்தான் எரிகின்றன. ஆகையால் சுரங்கத்தை நாளையே மூடுங்கள் என்று நான் எழுதவில்லை. நீரின் அளவும் தரமும் ஒவ்வொரு ஊராட்சியிலும் தமிழில் அறிவிக்கப்படட்டும். தோண்டி முடித்த நிலம் திரும்பவும் விளைநிலமாகட்டும். அதன்பின் புதிய நிலத்தைக் கேளுங்கள். ஆற்றின் வழியை மாற்றுமுன் அதன் கரையில் பயிரிடுகிறவன் முழுமையாகக் கேட்கப்படட்டும். இவற்றைக் கேட்பது வளர்ச்சிக்கு விரோதமன்று. யோபு தேடிய ஞானத்தின் ஆரம்பம்.

இந்த வாரம் உங்கள் குடும்ப ஜெபத்தில் பரவனாற்றுக் கரையின் கிராமங்களை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் தேவையின்றி எரியும் விளக்கையும் அணையுங்கள்.

ஜெபம்: ஆழங்களை உண்டாக்கின ஆண்டவரே, பூமியைத் தோண்டும் கைகளுக்கு உம்முடைய பயத்தைத் தாரும். எங்களுக்குப் பின் வருகிறவர்களுக்கும் தெளிந்த நீரை மீதி வைக்க எங்களுக்குக் கற்றுத்தாரும். இயேசுவின் நாமத்தில், ஆமென்.