பச்சோந்தி பகலிலே கண் மூடினால்

கச்சான் காற்று வீசும் மாதங்களில் திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த வீதிகளிலே வேலிச் செடிகளும் வாடிச் சுருண்டு நிற்கும். அவ்வேலிகளிலிருந்து சிறுவர் பிடித்து வருவது பெரும்பாலும் ஓணானேயாகும். அதன் கழுத்துச் சிவப்பதைக் கண்டு பச்சோந்தி என்று மயங்குவர். புடைத்து நின்று, ஒன்று முன்னும் மற்றொன்று பின்னுமாகச் சுழலும் கண்களும், கிளையை இடுக்கிபோற் பற்றும் பாதங்களும், சுருளும் வாலும் உடையதே மெய்யான பச்சோந்தி.

1937ஆம் ஆண்டில் இயற்றப்பட்டுப் பின்னர் திருத்தப்பட்ட வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இப்பிராணியைக் காக்கின்றது. ஆகவே இதனைப் பிடித்து வளர்த்தல் இலங்கையிற் குற்றம். ஆயினும் பூனை கவ்விய பச்சோந்தி ஒன்று நம் முற்றத்தில் வந்து கிடக்கலாம். கனடாவிலும் பிரித்தானியாவிலும் உள்ள நம் உறவினரின் பிள்ளைகளோ யேமன் தேசத்துப் பச்சோந்தியைக் கடையில் வாங்கி வளர்க்கின்றனர். இரு சாராருக்கும் அதன் நோய்க்குறிகளை அறிந்திருத்தல் பயன்படும்.

பச்சோந்தி தன் பிணியை மறைக்கும் இயல்புடையது. நலிவு வெளியே தெரிந்தால் பருந்தும் காகமும் விடமாட்டா அல்லவா? ஆதலால் பகலிலே கண் மூடிக் கிடக்குமானால், நோய் முற்றிவிட்டது என்றே கொள்ளல் வேண்டும்.

கண்கள் குழி விழுந்திருப்பதும், எச்சத்தின் வெண்பகுதி செம்மஞ்சளாவதும் நீர்க்குறைவின் அடையாளங்கள். கிண்ணத்து நீரை இப்பிராணி பெரும்பாலும் நீரென்றே அறிவதில்லை. இலையிலிருந்து சொட்டும் துளியையே நக்கிப் பருகும். நிறைந்த கிண்ணத்தின் அருகிலேயே அது தாகத்தால் மடிவதும் உண்டு. இலைகளின்மீது நீரை மென்மையாகத் தெளித்துப் பொறுமையுடன் காத்திருங்கள். வாயைப் பிளந்து ஊற்றினால் நீர் மூச்சுக்குழலிற் புகுந்துவிடும்.

கால்கள் வளைதலும், தாடை மென்மையாதலும், கிளையைப் பற்ற இயலாமையும் எலும்பு நோயின் குறிகள். கல்சியமும் வெயிலின் புறஊதாக் கதிரும் போதாமையே பெரும்பாலும் காரணம். சன்னலோரம் கூட்டை வைத்துவிட்டோமே என்று ஆறுதல் கொள்வதிற் பயனில்லை; கண்ணாடி அக்கதிரைத் தடுத்துவிடும். குளிர் நாடுகளில் அதற்கெனத் தனி விளக்கு வேண்டும். ஒளி குன்றுமுன்பே விளக்கின் கதிர் குன்றிவிடுமாதலால், அதனைக் காலந்தவறாது மாற்றுதல் அவசியம். இரையாகும் பூச்சிகளின்மீது கல்சியத் தூளும் தூவுவர்.

வாய் திறந்து மூச்சு வாங்கினால் முதலில் நிழலுக்கு மாற்றுங்கள். வெப்பத்தால் ஆயின் சிறிது நேரத்தில் வாயை மூடிக்கொள்ளும். வாயிற் சளியும் குமிழியும் தோன்றினால் அது சுவாச நோய். மிருக வைத்தியரே மருந்தளிக்க வேண்டும். பெண் பச்சோந்தி நிலத்தில் இறங்கி அமைதியின்றி அலைந்தால், முட்டையிட ஈர மணலைத் தேடுகின்றது என்று அறிக. இடம் கிடையாவிடில் முட்டை உள்ளே தங்கி உயிருக்கே கேடாகலாம்.

பூனைப் பல் பட்ட காயம் ஊசிமுனை அளவேயாயினும் எண்ணெய் தடவிக் காலங் கழித்தல் ஆகாது. துளையிட்ட பெட்டியினுள்ளே அது பற்றிக்கொள்ள ஒரு கிளையை வைத்து, நிழலில் இருத்தி, நம் ஊரிலாயின் அன்றைக்கே வனசீவராசிகள் திணைக்கள அலுவலகத்துக்கு அறிவித்துவிடுங்கள்.