125-க்கு அனுமதி கொடுத்தது யார்?

செல்ஃப் டிரைவ் காரை வாடகைக்கு எடுப்பவர் ஒப்புக்கொள்ளும் நிபந்தனைகளில் வேகத்துக்கும் ஒரு வரி உண்டு. மணிக்கு 125 கிலோமீட்டரைத் தாண்டினால் அபராதம். அந்தப் பணம் அரசுக் கருவூலத்துக்குப் போகாது. கார் கொடுத்த நிறுவனத்துக்கே போகும். பெயர் பெற்ற நிறுவனங்களே இந்த எண்ணை எழுதி வைத்தன.

125 என்ற எண்ணை இவர்களுக்குக் கொடுத்தது யார்?

சட்டம் கொடுக்கவில்லை. 2018-ல் மத்திய அரசு கார்களுக்கான உச்ச வேகத்தை உயர்த்தியது. அப்போதும் விரைவுச் சாலைக்கு 120, நடுவே தடுப்புள்ள நான்கு வழிச் சாலைக்கு 100 என்றுதான் அறிவித்தது. அதுவே அதிகம் என்று 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அறிவிக்கையை ரத்து செய்தது. சென்னை மாநகரில் 2023 நவம்பரில் காவல்துறை காருக்கு விதித்த வரம்பு 60. குடியிருப்புப் பகுதிகளில் 30. எந்தக் கணக்கிலும் 125 வராது.

அந்த வரிக்கு ஒரே பொருள்தான். 125 வரை போங்கள், நாங்கள் கேட்க மாட்டோம்.

120-ல் ஓடும் கார் ஒரு விநாடியில் 33 மீட்டரைக் கடக்கிறது. 80-ல் பிரேக் பிடித்து நிற்கத் தேவையான தூரத்தைப் போல் இரண்டேகால் மடங்கு 120-ல் தேவை. நிபந்தனை எழுதியவர்களுக்கு இது தெரியாதா?

தெரியாது என்று அவர்கள் சொல்ல முடியாது. வண்டியில் ஜி.பி.எஸ். இருக்கிறது. கார் திண்டிவனத்தைத் தாண்டிவிட்டதா, மாநில எல்லைக்கு அப்பால் போய்விட்டதா, எல்லாம் அலுவலகத் திரையில் தெரியும். திருப்பிக் கொடுக்க ஒரு மணி நேரம் தாமதமானால் போன் வரும். எஞ்சின் மறுபடி கிளம்பாதபடி தொலைவிலிருந்தே பூட்டும் கருவியும் சில வண்டிகளில் உண்டு. வாடகை தவறினால் விழிக்கும் கண் வேகம் மீறும்போதும் தூங்குவதில்லை. பார்த்துக்கொண்டே இருக்கிறது. பார்த்து, பில்லில் சேர்க்கிறது.

வேகம் இவர்களுக்கு ஒரு வரவினம்.

காவல்துறை கேமராவில் சிக்கினால் மட்டும் என்ன நடக்கிறது? இ-சலான் ஆர்.சி.யில் உள்ள பெயருக்குப் போகிறது. நிறுவனம் அதை டெபாசிட்டில் கழித்துக்கொள்கிறது. ஆயிரமோ இரண்டாயிரமோ, கணக்கு தீர்ந்தது. ஓட்டியவரின் உரிமத்தில் ஒரு கீறலும் விழுவதில்லை. இரண்டாம் முறை வேகம் மீறினால் ஓட்டுநர் உரிமத்தைக் கைப்பற்றச் சொல்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 183-ஆவது பிரிவு. முதல் முறை ஓட்டியவர் யார் என்பதே பதிவாகாதபோது இரண்டாம் முறை எங்கிருந்து வரும்?

வழி இல்லாமல் இல்லை. காவல்துறை கேட்டால் ஓட்டியவரின் பெயரையும் முகவரியையும் உரிம விவரத்தையும் வண்டி உரிமையாளர் கொடுத்தே ஆக வேண்டும். 133-ஆவது பிரிவு அதற்காகவே இருக்கிறது. சொந்தக் காரில் அண்ணன் ஓட்டினானா தம்பி ஓட்டினானா என்று குழப்பம் வரலாம். வாடகைக் காரில் வராது. உரிமத்தின் நகல், அடையாள அட்டை, சாவி வாங்கிய நேரம், திருப்பிக் கொடுத்த நேரம், எல்லாம் நிறுவனத்தின் கையில் இருக்கின்றன. ஓட்டியவர் யார் என்று இவ்வளவு சுலபமாகச் சொல்லக்கூடிய கார் வேறு இல்லை. கேட்கத்தான் ஆள் இல்லை.

மஞ்சள் போர்டு டாக்சிக்காரரிடம் பேசிப் பாருங்கள். அவர் வண்டி 80-க்கு மேல் போகாதபடி கருவி பூட்டப்பட்டிருக்கிறது. இருபது வருடம் ஸ்டியரிங் பிடித்தவருக்கு 80. சனிக்கிழமை காலையில் முன்பின் ஓட்டியிராத வண்டியில் ஏறும் இளைஞருக்கு 125. இது என்ன நியாயம்? செல்ஃப் டிரைவ் காரும் வாடகை வண்டிதான். கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து அதைச் சொல்லத்தான். 80-ல் பூட்டிய வண்டிக்கு 125-ல் அபராதம் தேவைப்படாது. அபராதம் தேவைப்படுகிறது என்றால் கருவி இல்லை, அல்லது இருந்ததைக் கழற்றிவிட்டார்கள். இரண்டில் எது? தகுதிச் சான்றில் கையெழுத்துப் போட்ட அதிகாரிகள் சொல்லட்டும்.

கறுப்பு போர்டாவது கணக்கில் இருக்கிறது. வெள்ளை போர்டு அதுவும் இல்லை. தவணைக் கடனில் கார் வாங்கியவர், தவணையைக் கட்ட அதை மாத வாடகைக்குத் தள்ளிவிடுகிறார். வாங்கி நடத்துபவருக்கு ஒரு வாட்ஸ்அப் எண்ணும் ஓர் இன்ஸ்டாகிராம் பக்கமும் போதும். வாடகைக் கார் தொழிலுக்கு உரிமம் பெறக் குறைந்தது 50 கார்கள் வேண்டும் என்கிறது 1989-ஆம் ஆண்டுத் திட்டம். இவர்களிடம் மூன்றோ நான்கோ இருக்கும். பெர்மிட் இல்லாமல் வாடகைக்கு ஓட்டினால் 192ஏ பிரிவில் 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை. வண்டியின் பதிவையே நிறுத்தி வைக்க 53-ஆவது பிரிவு இருக்கிறது. பிரிவுகளுக்குப் பஞ்சமில்லை. விளம்பரங்கள் போன் எண்ணோடு பகிரங்கமாகத்தான் வருகின்றன. அதிகாரி ஒருவர் வாடிக்கையாளர் போலப் பேசினால் வண்டி வீட்டு வாசலுக்கே வந்து நிற்கும். ஐந்நூறு ரூபாய் கூடக் கேட்பார்கள், அவ்வளவுதான்.

இந்த வெள்ளை போர்டு ஒருவர் மேல் ஏறினால் என்ன ஆகும்? சொந்தப் பயன்பாட்டுக்கு எடுத்த காப்பீடு அது. வாடகைக்கு விட்டிருக்கிறார்கள், நிபந்தனை மீறல் என்று காப்பீட்டு நிறுவனம் எதிர்வழக்காடும். ஓட்டியவர் ஊருக்குப் போயிருப்பார். நடத்தியவர் எண்ணை மாற்றியிருப்பார். தவணை கட்டிக்கொண்டிருக்கும் உரிமையாளரும் செத்தவரின் குடும்பமும் தீர்ப்பாயத்தின் படிகளில் வருடக்கணக்கில் ஏறி இறங்க வேண்டும்.

மலைச் சாலைகளின் கதை இன்னும் மோசம். உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். 2018 அக்டோபரில் சென்னைக்காரர்கள் சென்ற கார் ஒன்று அங்கே பள்ளத்தில் விழுந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தார்கள். ஐந்து பேர் இறந்திருந்தார்கள். அதன் பிறகு வெளியூர் வண்டிகளுக்கு அந்தப் பாதையில் கட்டுப்பாடு வந்தது. சமவெளியில் பழகிய கைக்கு மலை பழகாது என்பதை மாவட்ட நிர்வாகமே ஏற்றுக்கொண்டது. வாடகைக்கு விடுபவர்கள் ஏற்கவில்லை. ஏறிய கியரிலேயே இறங்கு. பிரேக்கை மிதித்துக்கொண்டே வராதே. ஏறி வரும் வண்டிக்கு வழி விடு. சாவி கொடுக்கும்போது இந்த மூன்றையும் சொல்ல ஒரு நிமிடம் போதும். சொல்வதில்லை. பம்பரில் பழைய கீறல் எத்தனை என்று போட்டோ எடுப்பதற்குப் பத்து நிமிடம் இருக்கிறது.

2022-ல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் 71 விழுக்காட்டினர் அதிவேகத்தின் கணக்கில் வருகிறார்கள். அந்த ஆண்டு விபத்து எண்ணிக்கையில் முதல் மாநிலம் தமிழ்நாடு: 64,105. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட எண்கள் இவை. இவற்றில் செல்ஃப் டிரைவ் கார்களின் பங்கு எவ்வளவு? அமைச்சகத்தின் அட்டவணையில் கார், டாக்சி, வேன் எல்லாம் ஒரே கட்டத்தில் கிடக்கின்றன. எண்ணாத ஒன்றுக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. வசதியான ஏற்பாடு.

இந்த வசதி முடிய வேண்டும். வாடகைக்கு ஓடும் எல்லாக் கார்களிலும் வேகக் கருவி பூட்டப்பட வேண்டும். பூட்டாத வண்டியின் தகுதிச் சான்று ரத்தாக வேண்டும். 125 என்ற வரியை நிறுவனங்கள் இன்றே அடிக்க வேண்டும். சாலையின் வரம்பு எதுவோ அதுவே ஒப்பந்தத்தின் வரம்பு. வேக மீறல் சலான் ஒவ்வொன்றும் ஓட்டியவரின் உரிமத்தில் ஏற வேண்டும். விவரம் தராத நிறுவனத்தின் மேல் வழக்கு வேண்டும். விபத்துப் பதிவேட்டில் செல்ஃப் டிரைவ் காருக்குத் தனிக் கட்டம் வேண்டும். இதற்கெல்லாம் புதிதாகக் குழு அமைக்க வேண்டாம். பெரும்பாலானவற்றுக்கு இருக்கும் சட்டமே போதும்.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமை மாலையும் இந்த வண்டிகள் வரிசையாகக் கிளம்புகின்றன. வரும் வெள்ளிக்கிழமை போக்குவரத்து ஆணையர் ஒரு நிறுவனத்தின் வாசலில் போய் நிற்கட்டும். முதல் பத்து வண்டிகளின் பானெட்டைத் திறந்து, வேகக் கருவி இருக்கிறதா என்று பார்க்கட்டும்.