கையை எடுங்கள், கணக்கைப் பாருங்கள்

லேத்தில் 20 மில்லிமீட்டர் விட்டத்துக்கு ஷாஃப்ட் ஓடுகிறது. மைக்ரோமீட்டர் 20.01 காட்டியதும் ஆபரேட்டர் ஆஃப்செட்டில் 0.01 குறைக்கிறார். அடுத்தது 19.98 வருகிறது. தொடாமல் விட்டிருந்தால் அது 19.99 ஆக இருந்திருக்கும். அவரைக் கவனமான தொழிலாளி என்று எல்லோரும் மெச்சுவார்கள்; ஆனால் வேறுபாட்டைப் பெருக்குவது அந்தக் கவனம்தான். கம்பியின் கடினம், சூடு, ஸ்பிண்டிலின் அதிர்வு, அளக்கும் விரலின் அழுத்தம் எனப் பல சிறு காரணங்கள் சேர்ந்து அளவை இருபக்கமும் ஆட்டுகின்றன. ஒவ்வொரு விலகலுக்கும் அதே அளவு எதிர்த்திருத்தம் செய்தால், புதிய ஷாஃப்டின் ஆட்டத்தோடு பழையதன் ஆட்டமும் தலைகீழாக வந்து சேர்கிறது. அளவுகளின் சிதறலைக் காட்டும் திட்ட விலக்கம் சுமார் 41 சதவீதம் கூடிவிடும். புனல் வழியாகக் கோலிக்குண்டைப் போட்டு, ஒவ்வொரு முறையும் புனலை நகர்த்தி, தரவியல் அறிஞர் டெமிங் காட்டியது இதைத்தான்.

அப்படியானால் எப்போது கைவைப்பது? வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தில் வேலை பார்த்த ஷூவர்ட் 1924 மே மாதம் ஒரு சிறு குறிப்பில் இதற்கு விடை வரைந்தார். சராசரிக்கு இருபுறமும் மூன்று திட்ட விலக்கத் தொலைவில் கோடு போடு; புள்ளி கோட்டைத் தாண்டினால் காரணத்தைத் தேடு. டூல் முனை உடைந்திருக்கலாம், வேறு லாட் கம்பி வந்திருக்கலாம். டூல் மெல்லத் தேய்ந்தால் கோடு தாண்டும்வரை காத்திருப்பதா என்று கேட்பது நியாயமே. அதனால்தான் பின்னால் வந்தவர்கள், தொடர்ந்து எட்டுப் புள்ளிகள் சராசரிக்கு ஒரே பக்கம் விழுந்தாலும் அது எச்சரிக்கை என்று விதி சேர்த்தார்கள். இதைவிடக் கடுமையான ஆட்சேபம் ஒன்று உண்டு: எல்லாப் புள்ளியும் கோட்டுக்குள் இருந்தும் வாடிக்கையாளர் கேட்ட அளவு கிடைக்கவில்லையே, சும்மா இருக்கலாமா? கூடாது. ஆனால் அந்த வேலை ஆபரேட்டருடையது அல்ல. பேரிங்கை மாற்றுவது, சீரான கம்பி வாங்குவது, தேவைப்பட்டால் இயந்திரத்தையே மாற்றுவது எல்லாம் நிர்வாகத்தின் கையில் இருப்பவை. அதைச் செய்யாமல் ஆபரேட்டருக்கு மெமோ கொடுப்பது அநியாயம் என்றே சொல்வேன். மெமோவுக்குப் பயந்தவர் ஆஃப்செட்டை இன்னும் அதிகமாகத் திருகுவார்.

சென்னை பாடியில் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998-லேயே தரத்துக்கான டெமிங் விருது வாங்கிவிட்டது. நமக்கு இது தெரியாத பாடமல்ல. ஆனாலும் விற்பனைக் கூட்டத்திலும் பள்ளித் தேர்ச்சி ஆய்விலும், போன முறையைவிட இரண்டு சதவீதம் குறைந்தால் ஒருவரை எழுப்பி நிற்கவைத்து விளக்கம் கேட்கிறோம். அப்படிக் கேட்கும் இடத்தில் இருப்பவர்களுக்கு என் வேண்டுகோள்: முதலில் பழைய எண்களையெல்லாம் ஒரே தாளில் வரிசையாகப் புள்ளி வைத்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் கேட்க வேண்டியிருந்தால் கேளுங்கள்.