குழந்தையுடன் வளரும் மருத்துவக் கருவி: நாற்பரிமாண அச்சுக்கு இந்தியா தயாரா?

அச்சிட்டு முடித்த பின்னரும் மாறிக்கொண்டே இருக்கும் ஒரு பொருளுக்கு எந்த நாளில் தரச்சான்று வழங்குவது? முப்பரிமாண அச்சின் அடுத்த கட்டமான நாற்பரிமாண அச்சு, மருத்துவத் துறையில் எழுப்பும் கேள்வி இது.

வழக்கமான முப்பரிமாண அச்சில், இயந்திரத்திலிருந்து வெளிவரும்போதே பொருளின் வடிவம் முடிவாகிவிடும். நாற்பரிமாண அச்சில் காலமும் ஒரு பரிமாணம். நீர், வெப்பம் போன்ற தூண்டுதல்களால் பொருள் எவ்வாறு மாற வேண்டும் என்பது முன்கூட்டியே வடிவமைக்கப்படுகிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஸ்கைலர் டிபிட்ஸ், 2013ஆம் ஆண்டு இக்கருத்தைப் பரவலாக அறிமுகப்படுத்தினார். 2016இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் செல்லுலோஸ் நுண்ணிழைகள் கலந்த கூழ்மத்தால் அச்சிட்ட தட்டையான பூ வடிவம், நீரில் மூழ்கியதும் ஆர்க்கிட் மலர்போல் சுருண்டது.

உயிர் காத்த கருவி: மூச்சுக்குழாய் நலிவால் சுவாசிக்க முடியாமல் தவித்த கைக்குழந்தை ஒன்றுக்கு, 2012இல் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் அவசர அனுமதி பெற்று அச்சிட்ட தாங்கியைப் பொருத்தினர். குழந்தை வளர வளர விரிந்துகொடுத்து, சுமார் 3 ஆண்டுகளில் உடலுக்குள்ளேயே கரையுமாறு அது வடிவமைக்கப்பட்டிருந்தது. இதனால் கருவியை அகற்ற மீண்டும் அறுவை சிகிச்சை தேவைப்படாது. 3 குழந்தைகளிடம் கிடைத்த முடிவுகள் 2015இல் வெளியாகின.

இந்தியாவின் நிலை: முப்பரிமாண அச்சில் இந்தியாவின் திறன் ஐயத்துக்கு இடமற்றது. 2024 மே மாதம் இஸ்ரோ சோதித்த பிஎஸ்4 இயந்திரத்தில், 14 பாகங்கள் ஒரே பாகமாக அச்சிடப்பட்டன. ஓர் இயந்திரத்துக்கான மூலப்பொருள் தேவை 565 கிலோவிலிருந்து 13.7 கிலோவாகக் குறைந்தது. ஆனால், ராக்கெட் இயந்திரத்தின் தரம் அதன் வடிவம் மாறாமல் இருப்பதில் உள்ளது. மூச்சுக்குழாய்த் தாங்கியின் தரமோ உரிய வேகத்தில் மாறுவதில் உள்ளது. முன்னதாகக் கரைந்தால் மூச்சுக்குழாய் மீண்டும் சுருங்கலாம். விரியாவிட்டால் வளர்ச்சி தடைபடலாம்.

எதிர்வரும் சவால்: மத்திய அரசு 2022இல் வெளியிட்ட தேசிய உத்தி, 50 தொழில்நுட்பங்கள், 100 புத்தொழில் நிறுவனங்கள், 500 தயாரிப்புகள் என இலக்கு வகுத்தது. 2017ஆம் ஆண்டு மருத்துவக் கருவிகள் விதிகள், அபாயத்தின் அடிப்படையில் கருவிகளை 4 வகைகளாகப் பிரிக்கின்றன. எனினும், உடலுக்குள் மாறும் கருவிக்கு முதல் நாள் சோதனை மட்டும் போதாது. நோயாளியை ஆண்டுக்கணக்கில் பின்தொடர வேண்டும். தொலைதூர ஊரிலிருந்து வரும் பெற்றோர், குழந்தை நலமடைந்த பின் பெருநகர மருத்துவமனைக்கு மீண்டும் வருவது எளிதன்று. உள்ளூர் மருத்துவமனையிலேயே பரிசோதித்துப் பதிவு செய்யும் ஏற்பாடு அமைந்தால்தான், அந்தக் கருவி திட்டமிட்டபடி மாறியதா என்பது தெரியவரும்.