எதைப் பிரதி எடுக்கிறோம்?

'ஊரை அப்படியே இங்கு கொண்டுவந்துவிட்டோம்' என்று ஒன்றுகூடல் மேடைகளில் எம்மவர் மார்தட்டுகின்றனர். பிரதி எடுத்தல் என்றால் அச்சொட்டான நகல் என்றே நாம் விளங்கி வைத்திருக்கிறோம்.

உயிரியலில் சங்கதி வேறு. டி.என்.ஏ. இரட்டிக்கும்போது பிறக்கும் ஒவ்வொன்றிலும் ஓரிழை பழையது, மற்றையது புதியது. 1958 இல் மெசல்சனும் ஸ்ராலும் பக்ரீரியாவில் காட்டியது இதைத்தான். முழுப் பழசாய் எதுவும் மிஞ்சுவதில்லை. விஞ்ஞானத்தில் இன்னுமொரு பொருளும் உண்டு: ஒருவர் கண்ட முடிவை வேறொருவர் திரும்பச் செய்து பார்ப்பது. 2015 இல் நூறு உளவியல் ஆய்வுகளை அவ்வாறு பரிசோதித்தபோது பாதிக்கும் குறைவானவையே தேறின.

நாமோ சாதியை எந்தப் பரிசோதனையுமின்றிப் பாரிசிலும் ரொறொன்ரோவிலும் இறக்கியிருக்கிறோம். பனிக்குள் பிறந்த பிள்ளைக்குக் கலியாணம் பேசும்போது ஊரில் எந்தப் பகுதி என்று விசாரிக்கிறோம். (இதற்கு மட்டும் ஞாபகசக்தி குறைவதேயில்லை!) சீதனம் யூரோவிலும் டொலரிலும் நகலாகிறது.

1981 இல் யாழ் நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. யாழ்ப்பாண வைபவமாலையே அழிந்தது என்று இன்றும் மேடைகளில் அழுகிறோம். அந்த நூல் அழியவில்லை. 1879 இலேயே பிறிற்றோ அதை ஆங்கிலமாக்கியிருந்தார், தமிழிலும் அச்சேறியிருந்தது. வேறு பிரதியில்லாத ஏடுகள்தான் திரும்பி வரவில்லை.

2005 முதல் நூலகம் திட்டத்தினர் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் ஸ்கான் செய்து சேர்த்து வருகின்றனர். எமது நிலக்கீழ் அறைகளிலோ, புகலிடச் சிறுபத்திரிகைக் கட்டுக்கள் வீடு மாறும் அன்று குப்பைக்குப் போகின்றன. கலைவிழா மண்டபத்துக்குக் காசு சேர்க்கும் சங்கங்களிடம் ஒரு ஸ்கானர் வாங்கக் காசில்லையாம்.