காருகுறிச்சியார் கச்சேரிகள் இப்போது யாரிடம் இருக்கின்றன?

இன்றைக்கு நெல்லைப் பக்கம் ஒரு கோயில் கொடையில் நையாண்டி மேளம் சூடுபிடித்தால் போதும், அடுத்த நிமிஷம் கூட்டத்தில் பாதிப்பேர் செல்போனைத் தூக்கிவிடுவார்கள். மேளக்காரர் வீடு போய்ச் சேர்வதற்குள் வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கும். ஆனால் இதே ஊர்களில் 1950-களில் விடிய விடிய நடந்த நாகஸ்வரக் கச்சேரிகள்? கேட்டவர்கள் சொன்னால்தான் உண்டு. அந்தக் கேட்டவர்களும் இப்போது குறைந்துகொண்டே வருகிறார்கள்.

தாமிரபரணிக் கரை ஊர்களில் எண்பதைத் தாண்டிய ஒருவரிடம் பழைய கச்சேரி பற்றிப் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் வந்து நிற்கும் பெயர் காருகுறிச்சி அருணாசலம்.

யார் இந்தக் காருகுறிச்சியார்?

சேரன்மகாதேவிக்கும் வீரவநல்லூருக்கும் இடையில் இருக்கும் ஊர் காருகுறிச்சி. மண்பாண்டத்துக்குப் பேர்போன ஊர். அங்கே பிறந்த அருணாசலம், 'நாகஸ்வர சக்கரவர்த்தி' திருவாவடுதுறை டி.என்.ராஜரத்தினம் பிள்ளையின் சீடர். குருவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தே தேறியவர். பின்னாளில் கோவில்பட்டியில் குடியிருந்தார். அங்கே அவருக்குச் சிலையும் உண்டு. கோவில்பட்டி அருகே இடைசெவலில் பிறந்த எழுத்தாளர்கள் கு.அழகிரிசாமியும் கி.ராஜநாராயணனும் அவருடைய ரசிகர்கள்.

இந்தத் தலைமுறைக்கு அவரை அறிமுகப்படுத்துவது ஒரே ஒரு சினிமாப் பாட்டுதான். 1962-ல் வெளிவந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ்.ஜானகியின் குரலோடு மல்லுக்கு நிற்கிறதே ஒரு ஆபேரி ராக நாகஸ்வரம், அது இவர் வாசித்தது. படம் வந்து இரண்டே ஆண்டில், 1964 ஏப்ரலில், அவர் இறந்துபோனார்.

பதிவுகள் இல்லவே இல்லையா?

இருக்கு. இசைத்தட்டுகள் இருக்கு, வானொலியில் வாசித்தவை இருக்கு, சில ரசிகர்கள் பொத்திப் பொத்திக் காப்பாற்றிய ஸ்பூல் டேப்புகளும் இருக்கு. ஆனால் ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். அந்தக் கால 78 ஆர்பிஎம் இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம், மிஞ்சிப்போனால் நான்கு நிமிஷம்தான் பிடிக்கும். கோயில் வாசலில் ஒரு ராக ஆலாபனை மட்டுமே ஒரு மணி நேரம் போகும். நாகஸ்வரம், தவில், ஒத்து, தாளம் எல்லாம் சேர்ந்து திறந்தவெளியில் எழுப்பும் அந்த முழக்கம் ஸ்டுடியோவுக்குள் அடங்குகிற விஷயமும் இல்லை.

காலமும் கைகொடுக்கவில்லை. திருநெல்வேலிக்கு வானொலி நிலையம் வந்ததே 1963-ல்தான். பிலிப்ஸ் நிறுவனம் கேசட்டை உலகத்துக்கு அறிமுகப்படுத்தியதும் அதே 1963-ல். அது நம்ம ஊர் டீக்கடைக்கும் கல்யாண வீட்டுக்கும் வந்து சேர இன்னும் பத்துப் பதினைந்து வருஷம் ஆனது. அதற்குள் காருகுறிச்சியார் இல்லை.

வேறு இடங்களில் என்ன செய்தார்கள்?

அவர் இறந்த மறுவருஷம், 1965-ல், அமெரிக்காவில் 'கிரேட்ஃபுல் டெட்' என்ற ராக் இசைக்குழு தொடங்கியது. 1995 வரை 2,000-க்கும் மேற்பட்ட கச்சேரிகள். கச்சேரியை டேப்பில் பிடிக்க வந்த ரசிகர்களை இந்தக் குழு விரட்டவில்லை. 1984 முதல் அவர்களுக்கென்றே அரங்கில் தனி இடம் ஒதுக்கியது. ஒரே நிபந்தனை: டேப்பை விற்கக் கூடாது, மாற்றிக்கொள்ளலாம்.

1977 மே 8 அன்று கார்னெல் பல்கலைக்கழகத்தில் நடந்த கச்சேரியை அந்தக் குழுவின் ஒலிப்பதிவாளரே பதிவு செய்தார். ரசிகர்கள் கைமாற்றிக் கைமாற்றி அதைப் பரப்பினார்கள். இன்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் அதற்கு இடம் இருக்கிறது. அந்த ரசிகர்களுக்கு வாதம் வந்தால் டேப்பைப் போட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். நம்ம தாத்தாவுக்கு அந்த வசதி இல்லை. 'அந்தத் தோடி மாதிரி இனி வராது' என்று அவர் சொன்னால் நம்ப வேண்டியதுதான்.

ஞாபகத்தை எவ்வளவு நம்பலாம்?

முழுசா நம்ப முடியாது. இரண்டு கச்சேரி ஞாபகத்தில் ஒன்றாகிவிடும். ராகம் மாறும், வருஷம் மாறும், கூட்டம் பெருகும். காருகுறிச்சியார் பிறந்த வருஷமே சில குறிப்புகளில் 1907 என்றும், சிலவற்றில் 1921 என்றும் இருக்கிறது. நூற்றாண்டு கொண்டாடப்பட்டது 1921-ஐ வைத்து, 2021-ல்.

ஆனால் டேப் சொல்லாத சிலவற்றை ஞாபகம் சொல்லும். எத்தனை வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள், பெண்கள் எங்கிருந்து கேட்டார்கள், எந்தத் தெருக்காரர் மேடைக்கு எவ்வளவு தூரம் வரை வர முடிந்தது... இதெல்லாம் எந்த இசைத்தட்டிலும் இல்லை. ஒரு ஊர் எப்படிப் பாட்டுக் கேட்டது என்பதும் இசை வரலாறுதானே?

இப்போ என்ன அவசரம்?

1960-ல் 15 வயதில் அவரைக் கேட்டவருக்கு இன்றைக்கு 80 வயது ஆகிவிட்டது. இசை ஆய்வாளர் லலிதா ராம் ஊர் ஊராகத் தேடிப்போய் 'காருகுறிச்சியைத் தேடி' என்ற புத்தகமே எழுதியிருக்கிறார். ஆனால் ஒருவர் எத்தனை வீட்டுத் திண்ணையில் போய் உட்கார முடியும்?

நாம் என்ன செய்யலாம்?

• வீட்டுப் பெரியவரிடம் செல்போன் ரெக்கார்டரை ஆன் செய்து வையுங்கள். 'எப்படி இருந்தது?' என்று கேட்டால் 'ரொம்ப நல்லா இருந்தது' என்பதோடு முடிந்துவிடும். எந்தக் கோயில், என்ன திருவிழா, தவில் யார், எதில் ஏறிப் போனீங்க, எங்கே உட்கார்ந்தீங்க என்று கேளுங்கள்.

• பரணில் கிடக்கும் பழைய கல்யாணப் பத்திரிகை, திருவிழா நோட்டீஸ், குரூப் போட்டோ எதையும் எடைக்குப் போடாதீர்கள். கச்சேரி நடந்த தேதிக்கு அதுதான் சாட்சி.

• ஸ்பூல் டேப் கிடைத்தால் கையில் கிடைத்த மெஷினில் ஓட்டிப் பார்க்காதீர்கள். பழைய டேப் அறுந்துவிடலாம். விஷயம் தெரிந்தவரிடம் கொடுத்து டிஜிட்டலாக மாற்றுங்கள்.

• பதிவு செய்ததை ஒரே போனில் வைக்காதீர்கள். பேசியவர் பெயர், ஊர், தேதி எழுதி, அவர் சம்மதத்தோடு இன்னும் இரண்டு பேரிடம் கொடுத்து வையுங்கள்.

காருகுறிச்சியாரைக் காப்பாற்ற அன்றைக்கு மெஷின் இல்லை. இன்றைக்கு ஆளாளுக்குப் பாக்கெட்டில் மெஷின் இருக்கு. கேட்டவர்கள் இருக்கும்போதே பட்டனை அமுக்க வேண்டியதுதான் பாக்கி.